தறி நிறுத்தின ஒரு மணி நேரம்

சாமி,

போன ஞாயித்துக்கெழமை நீ நம்மூட்டுல உக்காந்து பாடினது எனக்குக் கேக்கலை. இதை மொதல்ல சொல்லிப்போட்டுத்தான் நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு எல்லாம் கேக்கணும். போன்ல சொல்லியிருக்கலாமேம்மாங்கலாம். போன்ல உன்ற வாய் தெரியாதே கண்ணு, நீ திருப்பி என்ன கேட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை உட்டதுக்கப்பறம் இத்தனை நீளமா நான் எதையும் எழுதினதில்ல. தப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது, படி.

நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன். சாப்பாடு முடிஞ்சு நீ பாயில உக்காந்தே. நீயே மெட்டுப் போட்ட புதுப்பாட்டு, வெளிய யாருக்கும் இன்னும் பாடிக் காட்டலை, மொதல்ல உங்களுக்குத்தான்னு சொன்னே. எனக்குப் பெருமை தாங்கலை. உன்ற வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ கண்ணை மூடிட்டுப் பாடினே. வாய் அசைஞ்சுது, கை அசைஞ்சுது, சத்தம் மட்டும் வரலை. பக்கத்துல உங்கப்பா தலையாட்டிட்டு இருந்தாங்க, அவங்களைப் பாத்து நானும் ஆட்டினேன். முடிச்சுட்டு எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டே. நல்லா இருந்துச்சு சாமின்னேன். எந்த எடம்மா நல்லா இருந்துச்சுன்னே. மேல எடுத்துப் பாடினே பாரு, அந்த எடம்னு சொல்லிப்போட்டேன். நீ தண்ணி குடிச்சுட்டு, நேரமாச்சும்மான்னு கெளம்பிட்டே.

ரெண்டு நாள் பொறுத்து உன்ற பொண்டாட்டி கோமதி மட்டும் பஸ் ஏறி வந்தா. வந்தவ செருப்பைக் கழட்டினதும் கழட்டாததுமா ஆரம்பிச்சா. "அத்தை, அந்தப் பாட்டுல மேல போற எடமே இல்லீங்க. முழுசும் அடக்கித்தான் பாடறாரு. என்ற பாட்டு இப்பெல்லாம் அம்மாவுக்குப் புடிக்கறதில்ல, மருவாதைக்கு உக்காந்திருக்காங்க, வர்ற கச்சேரிக்குக் கூப்பிட்டு அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லிட்டாருங்க." எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவளுக்குக் காப்பி வெக்கறேன்னு அடுப்படிக்குப் போயி, பால் பொங்கி ஊத்தறது கூடத் தெரியாம நின்னேன்.

புடிக்காமப் போகலை சாமி. கேக்காமப் போச்சு. கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து தறிக்குடோன்லதான் என்ற பொழப்பு. சோமனூர்ப் பக்கம் எந்த ஊட்டுக்குப் போனாலும் இதே கதைதான், முன்னால ஊடு, பின்னால குடோன், நடுவுல ஒரு செவுரு. தறி ஓடறப்ப பக்கத்துல நிக்கறவ பேசறது காதுல உழுகாது, வாயைப் பாத்தே பேசிக்குவோம். நூல் அந்துபோச்சு, டீ வந்திருக்குது, உன்ற நாத்தனா வந்திருக்கறா, எல்லாத்தையும் வாயிலயே படிச்சுப்போடுவேன். அதனாலதான் எனக்குக் காது மந்தமானது உனக்கே தெரியலை. எதுக்க உக்காந்து நீ பேசினா ஒரு வார்த்தை தவறாமப் பதில் சொல்றனே, எப்படித் தெரியும்? ஒருக்கா நீ டாக்டர்கிட்டக் காதைக் காட்டலாமாம்மான்னு கேட்டதுக்கு, எனக்கென்ன கேடு, நல்லாத்தான் கேக்குதுன்னு எகிறினேன். காதுல மிஷினை மாட்டிட்டு நோம்பிக்கும் கல்யாணச் சீருக்கும் போக வெக்கம், வேற என்ன. பேச்சைப் படிச்சுரலாம். பாட்டை வாயைப் பாத்துப் படிக்க முடியுமா?

இந்தக் கடுதாசியை நீ மட்டும் படிச்சு மடிச்சு வெச்சுக்காதே. சனிக்கெழமை உன்ற வகுப்புக்குப் புள்ளைகளைக் கூட்டிட்டு வர்ற அம்மாமாருக்கும் படிச்சுக் காட்டு. வந்த மொத வாரமே என்ற பொண்ணு எப்பங்க மேடை ஏறுவான்னு கேக்கறாங்கன்னு அலுத்துக்கிட்டியே, அவங்களுக்குத்தான். பாடற புள்ளையை எப்படி வளத்தறதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. ராகம் தெரியாது, தாளம் தெரியாது, தாலாட்டு பாடினாலே நீ அழுவே. நாங்க வளத்தினது எப்படின்னு வேணாச் சொல்றேன், அதுல இருந்து எடுத்துக்கறதை எடுத்துக்கட்டும்.

உனக்குப் பாட்டு வரும்னு எங்களுக்குக் காட்டிக் குடுத்தது கரன்ட் கட்டுதான். அப்பெல்லாம் கரன்ட் சொல்லாமக் கொள்ளாமப் போகும். நீ ஒண்ணாப்பு படிக்கறே. ஒரு நாள் சாயங்காலம் பொழுதோட நானும் உங்கப்பாவும் தறி ஓட்டிட்டு இருக்கறோம், படக்குன்னு கரன்ட் போயி அத்தனை தறியும் நின்னுபோச்சு. நின்ன பொறவும் ஒரு சத்தம் மட்டும் நிக்கலை. திரும்பிப் பாத்தா, மூலையில நூல் மூட்டை மேல உக்காந்துட்டு கழுத்து நரம்பு பொடைக்க நீ பாடிட்டு இருக்கறே. கரன்ட் போனதே உனக்குத் தெரியலை. எத்தனை நாளா அந்தச் சத்தத்துக்குள்ள அப்படிப் பாடிட்டு இருந்தியோ, எங்க யாருக்கும் கேக்கலை. உங்கப்பா முடிச்சுப் போட எடுத்த நூலைக் கையில புடிச்சபடியே நின்னாங்க. "ஏம்புள்ள, இது நம்ம பையனா?"ன்னு என்னைக் கேட்டாங்க. நம்ம பையனா இல்லாம பக்கத்து ஊட்டுப் பையனான்னேன். அட, அன்னிக்கு எனக்கு இருந்த குசியைச் சொல்லி மாளாது.

அதுக்கப்பறம்தான் நாங்க ஒரு கூத்துப் பண்ணினோம். தறிக்காரங்களைத் தவிர வேற யாரும் அப்படி ஒரு கூத்துப் பண்ணியிருக்க மாட்டாங்க. எங்களுக்கு நல்ல பாட்டுன்னா தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேக்கற பாட்டு. நீ மெதுவா ஆரம்பிச்சா, கேக்கலை சாமி, எடுத்துப் பாடுன்னு கையைத் தூக்கிக் காட்டுவேன். நீ கத்துவே. நாங்க கை தட்டுவோம். இன்னும் எச்சாக் கத்துவே, தேன்முட்டாய் வாங்கிக் குடுப்பாங்க உங்கப்பா. உன்ற பெரிய மாமன் ஊட்டுச் சீருல உங்கையில மைக்கைக் குடுத்தாங்க பாரு, மைக்கு இருக்கறதே மெதுவாப் பாடறதுக்குத்தானேன்னு எங்க ஒருத்தருக்கும் தோணலை. நீ குடோன்ல பாடற மாதிரியே பாடினே. ஸ்பீக்கரு கீயின்னு கத்துது, சமையக்கட்டுல இருந்தவங்க கரண்டியோட ஓடி வர்றாங்க, பந்தியில இருந்த ஒறம்பரைச் சனமெல்லாம் எச்சிக்கையோட திரும்பிப் பாக்குது. என்ன தொண்டைங்க உங்க பையனுக்குன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. பாட்டை யாரும் சொல்லலை, தொண்டையைத்தான் சொன்னாங்க. எனக்கு அந்த வித்தியாசம் அன்னிக்குப் புடிபடலை.

நாலாப்பு படிக்கறப்ப உன்ற தொண்டை கட்டிக்கிச்சு. மொளகுப்பால் குடுத்தேன், கற்பூரவல்லி குடுத்தேன், சரியாகும், மறுக்கா கட்டிக்கும். கருமத்தம்பட்டியில உன்னைப் பாட்டு வகுப்புல சேத்தியிருந்தோமே, அந்த டீச்சரம்மா ஒரு நாள் சொல்லாம நம்மூட்டுக்கே வந்துட்டாங்க. வாசல்ல நின்னுட்டு என்னமோ கேட்டாங்க, நான் கத்திப் பதில் சொன்னேன், உங்கப்பா உள்ள இருந்தே என்னன்னு கத்தினாங்க, நீ கத்திட்டே ஓடி வந்தே. டீச்சரம்மா ரெண்டு காதையும் பொத்திட்டுச் சிரிச்சுப்போட்டாங்க. "ஏனுங்க, இந்த ஊட்டுல ஒருத்தரும் மெதுவாவே பேச மாட்டீங்களா? பையன் ஏன் இந்தக் கத்துக் கத்தறான்னு இப்பத்தானுங்க தெரியுது. அவன் பாட்டுப் பாடலீங்க, உங்க தறியோட சண்டை போட்டுட்டு இருக்கறான்." பொறவு சிரிப்பை நிறுத்திட்டுச் சொன்னாங்க, தொண்டையில புண்ணு வந்திருக்குது, இப்படியே உட்டா பாட்டு மட்டுமில்லை, பேச்சே கரகரன்னு ஆயிரும். தெனமும் ஒரு மணி நேரம் தறியை நிறுத்தி வெச்சு அவனை மெதுவாப் பாட உடுங்க, அவன் குரல் அவனுக்கே கேக்கட்டும்னாங்க.

தறியை நிறுத்தறதா! கூலிக்கு நெய்யற ஊட்டுல அப்படி யாராவது கேப்பாங்களா? எழவு உழுந்தாலும் பொணத்தை எடுத்துட்டு வந்து மறுபடி ஓட்டற தறி அது. துணி ரெண்டு நாள் பிந்தினா பாவு நூல் குடுக்கற ஏவாரி வேற ஊட்டைப் பாத்துப் போயிருவாரு. உங்கப்பா துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, பாக்கலாமுங்கன்னாங்க. நம்மூர்ல பாக்கலாமுங்கன்னா முடியாதுங்கன்னு அர்த்தம், உனக்குத் தெரியாததா. டீச்சரம்மாவும் புரிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. ஏனுங்க, பையன் தொண்டை போயிருமுங்களேன்னு கேட்டதுக்கு, அவங்க எந்திரிச்சுக் குடோனுக்குப் போயிட்டாங்க.

மறுநா பொழுதோட, நல்லா ஓடிட்டு இருக்கறப்ப, உங்கப்பா போயி மெயின் சுச்சைக் கீழ இழுத்துப்போட்டாங்க. கரன்ட்டு போயிருச்சாக்கும்னு ஆளுங்க வெளிய எட்டிப் பாக்கறாங்க, பக்கத்து ஊட்டுத் தறி எல்லாம் ஓடிட்டு இருக்குது. "போயி டீ குடிச்சுட்டு வாங்கப்பா"ன்னு மட்டும் சொல்லிப்போட்டு, உன்னைக் கூப்பிட்டு, பாடுன்னாங்க. அவ்வளவுதான். அதுல இருந்து தெனமும் அந்த நேரத்துக்கு நம்ம தறி நிக்கும். ஏவாரி மொணமொணத்தாரு. வெடியால ஒரு மணி நேரம் முன்னாலயே தறியைப் போட்டு அதைச் சரிக்கட்டினோம். உங்கப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு ஒறம்பரையில பேசிக்கிட்டாங்க. பேசட்டும்னு உட்டாங்க. இன்னைய வரைக்கும் அவங்க உன்னை ஒரு வார்த்தை பாராட்டினதில்லைன்னு உனக்கு ஒரு குறை இருக்குது, எனக்குத் தெரியும். தெனமும் அந்தச் சுச்சை இழுத்த கை எத்தனை பேசுச்சுன்னு நீ ஓசிச்சுப் பாரு சாமி.

நீ மொத நாள் மெதுவாப் பாடினப்ப உன்ற குரல் உனக்கே புதுசா இருந்துச்சு. "அம்மா, நான் இப்படியா இருக்கறேன்?"ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்குதா? எனக்கு அப்பக் காது நல்லா இருந்துச்சு. அந்தச் சன்னமான குரலை நான் கேட்டிருக்கறேன், அந்தக் குடுப்பினை எனக்கு வாச்சுது. இன்னொண்ணும் சொல்றேன், இதை உன்கிட்டச் சொன்னதே இல்லை. கல்யாணமாகி அத்தனை வருசத்துல உங்கப்பா சாதாரணமாப் பேசி நான் கேட்டதே அந்த ஒரு மணி நேரத்துலதான். நீ அந்தப் பக்கம் பாடிட்டு இருப்பே, நாங்க இந்தப் பக்கம் டீத் தம்ளரை வெச்சுட்டு ஊட்டுக்கதை பேசுவோம். அதுவரைக்கும் நான் இவங்களைக் கோவக்காரருன்னே நெனச்சுட்டு இருந்தேன். கத்திப் பேசறவங்க எல்லாம் கோவக்காரங்க இல்லை, தறி நின்னாத்தான் அது தெரியுது. உன்ற பாட்டால உனக்குக் கெடச்சது என்னவோ, எனக்கு என்ற புருசன் கெடச்சாங்க. அதுக்கு உனக்கு நான்தான் கடமைப்பட்டிருக்கறேன்.

அப்பறம் ஒம்பதாப்புல உனக்குக் குரல் ஒடைஞ்சுது. வாயைத் தொறந்தா ரெண்டு பேரு பேசற மாதிரி வரும். நீ பாடறதையே உட்டுப்போட்டே. வகுப்புக்கும் போகலை. டீச்சரம்மா, தானா வரும், அவசரப்படுத்தாதீங்கன்னுட்டாங்க. இனி என்ன, தறியை ஓட்டலாமேன்னு நானே சொன்னேன். உங்கப்பா கேக்கலை. தெனமும் அதே நேரத்துக்குச் சுச்சை இழுத்தாங்க. நீ வந்து அந்த மூட்டை மேல உக்காந்து செவுத்தைப் பாத்துட்டு இருப்பே. ஒரு நாள் உனக்கே பொறுக்கலை, நான்தான் பாடலையே, எதுக்குப்பா நிறுத்தறீங்கன்னு கேட்டே. "எங்காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டாமாடா?"ன்னாங்க. அத்தனை மாசமும் பாடாத புள்ளைக்காகத் தறி நின்னுச்சு. மறுபடி உனக்குக் குரல் வந்தப்ப அது கனமா, அடங்கி, வேற மாதிரி வந்துச்சு. எங்களுக்குப் புடிச்ச அந்தப் பழைய தொண்டை இல்லை அது. அதுதான் இப்ப ஊரெல்லாம் காசு குடுத்துக் கேக்கற குரல்.

அம்மாமாருங்களா, உங்களுக்கு நான் சொல்றது இதுதானுங்க. உங்க காதுக்கு எது கேக்குதோ அதை மட்டும் மெச்சாதீங்க. புள்ளை அதையே புடிச்சுட்டுப் போயிரும், போயி தொண்டையைக் கெடுத்துக்கும். ஒறம்பரை வந்தாப் போதும், பாடிக் காட்டு கண்ணுன்னு முன்னால நிறுத்தாதீங்க. பாடாத நாள்லயும் அதுக்குன்னு ஒதுக்கின நேரத்தை எடுத்துக்காதீங்க. உங்க ஊட்டுல தறி இருக்காது, டிவி இருக்கும், மிக்ஸி இருக்கும், உங்க சண்டை இருக்கும். எதை நிறுத்தணும்னு நீங்கதான் பாத்துக்கணும்.

உன்ற கதைக்கு வாரேன். நீ வர வர மெதுவாப் பாட ஆரம்பிச்சே, எனக்கு வர வரக் காது போயிட்டே இருந்துச்சு. கச்சேரியில கூட்டமே மூச்சு உடாமக் கேக்கறது தெரியும், என்ன கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கறவங்க கை தட்டினா நானும் தட்டுவேன். ஒருக்கா முன்னால உக்காந்திருந்தவரு கொசு அடிச்சாரு, அதைப் பாத்து நான் தட்டிப்போட்டேன், நீ மேடையில இருந்து திரும்பிப் பாத்தே. ஊட்டுக்கு வந்து நானும் உங்கப்பாவும் உழுந்து உழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுட்டு எனக்கு அழுகை வந்துச்சு. அப்பவாவது உன்கிட்டச் சொல்லியிருக்கணும். நீ கஷ்டப்படுவியேன்னு சொல்லலை. இப்பப் பாரு, சொல்லாததாலதான் நீ கஷ்டப்பட்டிருக்கறே.

கோமதி வந்துட்டுப் போன மறுநாளே உங்கப்பாவைக் கூட்டிட்டுக் காது டாக்டர்கிட்டப் போனேன். சன்னமான சத்தம்தான் மொதல்ல போகுமாம், தறிக்காரங்க எத்தனையோ பேரு இப்படி வர்றாங்களாம். மிஷினைக் காதுல வெச்சு உட்டாங்க. ரோட்டுக்கு வந்தா, அட கெரகமே, ஊரு இவ்வளவு சத்தமா போடுது! உங்கப்பா செருப்புச் சத்தம் கேக்குது. பஸ்ல கண்டக்டர் விசில் அடிச்சதுக்குத் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சே நின்னுட்டேன். உங்கப்பாவுக்கும் மிஷின் வேணும்னாரு டாக்டர், இவங்க எனக்கெதுக்குங்கறாங்க. அதை நான் பாத்துக்கறேன்.

நேத்து நான் மட்டும் சிங்காநல்லூர் வந்தேன். உன்ற ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். கதவு சாத்தியிருந்துச்சு, ஜன்னல் தொறந்திருந்துச்சு, நீ உள்ள பாடிட்டு இருந்தே. பெல்லை அழுத்தப் போன கையை எடுத்துட்டு, படியிலயே உக்காந்துட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, பாட்டு நல்லா இல்லை சாமி. உன்னைச் சொல்லலை, மிஷினைச் சொல்றேன். தகரத்துல தட்டின மாதிரி கேட்டுச்சு. பழகப் பழகச் சரியாகும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு, முழுசும் பழைய மாதிரி ஆகாதுன்னும் சொல்லியிருக்கறாரு. எனக்கு ஏமாத்தமாப் போச்சு, எந்திரிச்சுப் போயிரலாம்னு பாத்தேன். அப்ப நீ ஒரு வரியை முடிச்சுட்டு, அடுத்த வரிக்கு முன்னால மூச்சு இழுத்தே. அது கேட்டுச்சு. சுத்தமாக் கேட்டுச்சு. நீ கைக்குழந்தையா இருந்தப்ப குடோன் ஓரத்துல தூளி கட்டிப் போட்டிருப்பேன். அந்தத் தறிச் சத்தத்துல நீ மூச்சு உடறது எனக்குக் கேக்காது. பயந்துக்கிட்டு, தறியை உட்டுப்போட்டு ஓடி ஓடி வந்து உன்ற மூக்குக்கிட்ட வெரலை வெச்சுப் பாப்பேன். இத்தனை வயசுக்கு அப்பறம் நேத்துத்தான், வெரலை வெக்காமயே, நீ மூச்சு உடறதை நான் கேட்டேன்.

அழுத மூஞ்சியோட உள்ள வர வேண்டாம்னுதான் பெல்லை அழுத்தாம வந்துட்டேன். கச்சேரியில முன் வரிசையில எனக்கு எடம் போட்டு வை. எனக்குக் கேக்கணும்னு சத்தத்தைக் கூட்டிப்போடாதே, நீ எப்படிப் பாடுவியோ அப்படியே மெதுவாப் பாடு. ஞாயித்துக்கெழமை கச்சேரிக்கு வாரேன்.

அம்மா